பார்த்தது எது, கேட்டது எது?

(ஜும்ஆவுக்குப் பின் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

2021 டிசம்பர் 17 இரவை நம் பகுதி மறந்திருக்காது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பூந்தமல்லி பக்கம் அவர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி ஓடியது. ஆனால் ஒருவரும் இறக்கவில்லை.

அந்தப் பெண்கள் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். விடுதிச் சாப்பாடு மோசம், தோழிகள் இறந்துவிட்டார்கள். முதலாவது அவர்களுக்குத் தெரியும், தட்டில் வாங்கிச் சாப்பிட்டவர்கள். இரண்டாவது காதில் விழுந்தது. இரண்டையும் ஒரே உறுதியோடுதான் நம்பினார்கள். மனதில் இருக்கும் உறுதியை வைத்து அறிவையும் வதந்தியையும் பிரித்துவிட முடியாது.

ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், நம்பத்தகாதவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கச் சொல்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்பதற்காக. ஹதீஸ் கலை அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அறிவிப்பாளர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, அவர் தமக்கு முந்தியவரைச் சந்தித்ததும் உறுதியாக வேண்டும் என்பது இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நிபந்தனை. நமக்கு வரும் ஃபார்வர்டில் முந்தியவர் யாரென்றே தெரிவதில்லை. அனுப்பியவர் முதல் ஸஃப்பில் நிற்பவராகவே இருக்கட்டும்!

ஆனாலும் அந்தப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தோழி எங்கே, எப்படி இருக்கிறாள் என்ற விவரம் கிடைக்காத இடத்தில்தான் வதந்தி முளைத்தது. வதந்தி பொய் என்பதால் புகாரும் பொய்யாகிவிடவில்லை. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனமே சொல்லி, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் வேலை மீண்டும் தொடங்கியது. பொய்ச் செய்தியைக் காட்டி உண்மையான குறையைத் தள்ளிவிடுகிறவரும் விசாரிக்காதவர்தான்.

நம் பிள்ளைகளும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஷிஃப்டுகளுக்குப் போகிறார்கள். விடுதியிலிருந்து போன் வந்தால், "நீயே பார்த்தியாம்மா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று முதலில் கேட்போம். யாரோ சொன்னது என்றால், குழுவில் போடுவதற்கு முன் சொன்னவருக்கே ஒரு போன் போடுவோம். தானே பார்த்தது என்றால் தேதி, நேரம், போட்டோவோடு எழுதி வாங்கிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கம்பெனி கேட் வரை நாங்களும் கூட வருகிறோம்.

வஸ்ஸலாம்.