ஒரே படிப்பில் இரு பட்டங்கள்



தோட்டத்துப் பிள்ளைகளில் பல்கலைக்கழகம் சென்று முதல் பட்டம் பெறுவோர் இன்று பலர் இருக்கின்றனர். அப்படிப் பட்டம் பெற்ற மகளோ மகனோ, "அப்பா, வணிக நிர்வாகம், விநியோகச் சங்கிலி நிர்வாகம் இரண்டிலும் சேர்த்து முதுகலை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், பெற்றோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். அது என்ன படிப்பு? அதற்குப் பணம் எங்கே? இவ்விரண்டையும் இன்று பார்ப்போம்.

விநியோகச் சங்கிலி என்ற பெயர், 1982-ஆம் ஆண்டில் கீத் ஆலிவர் என்னும் நிர்வாக ஆலோசகர் பயன்படுத்திய பிறகே உலகில் பரவியது. பெயர் புதிது, பொருள் உங்களுக்குப் பழையது. விடியற்காலையில் பால் வெட்டுகிறீர்கள். மங்கில் சேர்ந்த பால் உறைந்துவிடுமுன் ஸ்டோருக்குப் போக வேண்டும். அம்மோனியா கலந்தால்தான் அது பாலாகவே நெடுந்தூரம் போய்ச் சேரும். செம்பனைக் குலையும் அப்படித்தான். வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்பார்கள். லாரி வராமல் குலை சாலையோரம் கிடந்தால், எண்ணெயில் அமிலம் கூடும், தரம் குறையும், விலையும் குறையும். வெட்டியவர் மீதும் குற்றமில்லை, ஆலையின் மீதும் குற்றமில்லை. நடுவில் ஒரு கண்ணி அறுந்துவிட்டது. எந்தக் கண்ணியும் அறுந்துவிடாமல், முன்கூட்டியே கணக்கிட்டு நடத்தும் கலையே இந்தப் படிப்பு.

கிள்ளான் துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டில், 20 அடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 1 கோடியே 40 இலட்சம் கொள்கலன்கள் அங்கே கையாளப்பட்டன. அவற்றுக்குப் பின்னால் கிடங்கு, லாரி, சுங்கப் பத்திரம், கொள்முதல் என எத்தனையோ வேலைகள்!

சரி, ஏன் இரண்டு பட்டங்கள்? ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி, விலை மலிவு என்று ஆறு மாதச் சரக்கை ஒரே நாளில் வாங்கிவிடுகிறார். அவர் கணக்கில் அது இலாபம். ஆனால் கிடங்கு வாடகை ஏறுகிறது; பணம் முடங்குகிறது; சரக்கு கெடுகிறது. முதலீடு, சந்தை, கணக்கு ஆகியவற்றை வணிகப் படிப்பு கற்பிக்கிறது. தேவையை முன்னறிவது, இருப்பை அளவோடு வைப்பது, போக்குவரத்தைத் திட்டமிடுவது ஆகியவற்றை மற்றப் படிப்பு கற்பிக்கிறது. இரண்டும் அறிந்தவருக்குத்தான் முழு இலாபமும் முழு நட்டமும் தெரியும்.

நம் நாட்டில் பாடமுறை முதுகலைப் பட்டம் ஒன்றுக்குக் குறைந்தது 40 கிரெடிட் தேவை. தனித்தனியே படித்தால் இரண்டுக்கும் 80. இரட்டைப் பட்டத் திட்டங்களில் சில பாடங்கள் இரு பட்டங்களுக்கும் பொதுவாகக் கணக்கிடப்படுவதால் காலம் மிச்சமாகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1988-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், வணிகப் பட்டமும் பொறியியல் பட்டமும் இரண்டே ஆண்டுகளில் கிடைக்கின்றன; அதில் ஆறு மாதம் தொழிற்சாலைப் பயிற்சி. அதே எம்.ஐ.டி.யின் ஒத்துழைப்போடு 2011-இல் ஷா ஆலமில் விநியோகச் சங்கிலிக் கல்விக்கென ஒரு கழகம் தொடங்கப்பட்டது. எனவே, இது எங்கோ தொலைவில் உள்ள படிப்பு என்று எண்ண வேண்டாம்.

இனிப் பணம். பெற்றோர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். ஊழியர் சேமநிதி 2024 மே மாதம் முதல் மூன்று கணக்குகளாக உள்ளது. அவற்றுள் செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். தோட்டத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை முடியும் நாளில் அதையும் விட வேண்டியிருக்கும். அன்று உங்கள் தலைக்கு மேல் கூரையாக வர வேண்டியது இந்தச் சேமநிதிதான். முதல் பட்டத்திற்கு அதில் கை வைத்தவர்கள், இரண்டாவது முறை எடுக்குமுன் நூறு முறை சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளையின் ஆசையைத் தடுப்பதா? தடுக்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் இரண்டு மூன்று ஆண்டுகள் கிடங்கிலோ துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யட்டும். வணிக முதுகலைக்குப் பெரும்பாலும் வேலை அனுபவம் கேட்கிறார்கள். அனுபவமில்லாமல் படித்தவருக்குப் பாடம் வெறும் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். வேலை பார்த்துக்கொண்டே, எம்.ஐ.டி. இணையத்தில் நடத்தும் விநியோகச் சங்கிலிப் பாடங்களைக் கட்டணமின்றிப் பார்த்துப் பழகலாம்; சான்றிதழ் வேண்டுமானால்தான் கட்டணம். இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். முதலாளி கட்டணத்தில் பங்கு தருவாரா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

சேருமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டு தனித்தனிப் பட்டச் சான்றிதழ்கள் கிடைக்குமா, அல்லது இரு பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட ஒரே சான்றிதழா? இரண்டும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவையா? பாதியில் நின்றால் ஒரு பட்டமாவது கைக்கு வருமா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

பிள்ளை இரண்டு பட்டம் பெறட்டும்; பெற்றவர்களுக்கு ஒரு வீடும் இருக்கட்டும். பொறுமையோடு திட்டமிட்டால் இரண்டும் கைகூடும்.