ஒரே ஒரு கைப்பிரதி



சென்ற வாரம் எனக்குப் பழக்கமான ஓர் இளம் எழுத்தாளர் ஒரு பெட்டி லட்டுடன் வீட்டுக்கு வந்தார். கல்யாணமா என்று கேட்டேன். இல்லை, அவருடைய முதல் நாவலை ஒரு பதிப்பகம் தன் செலவில் வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறதாம். 'தன் செலவில்' என்பதை அவர் இருமுறை சொன்னார். அச்சகத்துக்குக் கடன்பட்டுப் புத்தகம் போட்டு, வெளியீட்டு விழாவில் முதற் பிரதி வாங்குவதற்கு ஆள் தேடி அலைந்த எங்கள் தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

லட்டைச் சாப்பிட்டபடி அவருக்கு ஒரு கதை சொன்னேன். நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபியின் முதல் நாவல் அச்சேறிய கதை.

ஆச்சிபி நம்மவர், அதாவது, வானொலிக்காரர். 1954 இல் நைஜீரிய ஒலிபரப்புச் சேவையின் உரைப் பிரிவில் சேர்ந்தவர். இப்போது நான் கையில் வைத்திருப்பது போன்ற எழுத்துரைகளைப் பேச்சுக்கேற்றபடி ஆயத்தம் செய்வதே உத்தியோகம். அவருடைய பாத்திரங்கள் வாய் திறந்தால் ஏடு பேசுவதுபோல் இராது, ஆள் பேசுவதுபோல் இருக்கும். அதற்கு இந்த உத்தியோகமும் ஒரு காரணம்.

1956 இல் பயிற்சிக்காக லண்டன் பீ.பீ.சி.க்குச் சென்றபோது, அங்கே போதனாசிரியராக இருந்த நாவலாசிரியர் கில்பேர்ட் ஃபெல்ப்ஸிடம் நாவலைக் காட்டினார். அவர் வியந்து, பதிப்பாளர்களிடம் காட்டலாமா என்று கேட்டார். ஆச்சிபி சம்மதிக்கவில்லை, இன்னும் திருத்தவேண்டும் என்றார். ஊர் திரும்பி, மூன்று தலைமுறைக் கதையாக இருந்ததை வெட்டி, ஒகொங்வோ என்ற ஒருவனின் கதையாக இறுக்கினார். வந்த வாய்ப்பைத் தள்ளிவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு வந்திராது.

ஆபத்து பிறகுதான் வந்தது. 1957 இல், சஞ்சிகை விளம்பரமொன்றை நம்பி, லண்டனிலிருந்த ஒரு தட்டெழுத்து நிலையத்துக்கு 22 பவுண் கட்டணத்துடன் கைப்பிரதியை அனுப்பினார். இருந்ததே அந்த ஒரு பிரதிதான். பதில் இல்லை. கடைசியில் அவருடைய மேலதிகாரி அஞ்சலா பீற்றி லண்டன் சென்ற சமயம் நேரிலே போய்ச் சத்தம் போட்டார். பிரதி ஒரு மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் பிறகே தட்டெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. அது தொலைந்திருந்தால் அநேகமாக எழுத்தையே விட்டிருப்பார் என்பது ஆச்சிபி பின்னாளில் தாமே சொன்னது.

ஆபிரிக்கர் எழுதும் கதைக்குச் சந்தை இல்லையென்று பதிப்பாளர் சிலர் திருப்பினர். ஹைன்மன் நிறுவனமும் தயங்கி, மேற்கு ஆபிரிக்கா சென்று வந்த கல்விமான் டொனால்ட் மக்ரேயிடம் அபிப்பிராயம் கேட்டது. போருக்குப் பின் தாம் படித்தவற்றுள் இதுவே சிறந்தது என்ற அளவோடு அவருடைய அறிக்கை முடிந்துவிட்டது. 1958 ஜூனில் 2000 பிரதிகள் வெளிவந்தன. ஆசிரியருக்கு வயது 27. இன்று அந்நாவல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உண்டு. தமிழில் 'சிதைவுகள்' என்று தந்தவர் நம் நாட்டவரான என்.கே. மகாலிங்கம்.

நான் நிறுத்தியபோது இளைஞரின் முகம் மாறியிருந்தது.

"மூண்டு சீ.ஆர். கொப்பியும் அவையிட்டைத்தான் கிடக்கு, சேர். நான் போட்டோக்கொப்பி எடுக்கேல்லை" என்றார்.

தேநீர் வரும்வரைகூட இருக்கவில்லை.