மலையும் ஆறும் பொறித்த காசு

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். மனிதரிடத்தில் நாம் எதிர்பார்க்கும் நேர்மையும் நாணயம். இவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து கூடியது வியப்பன்று. ஓர் உலோகத் துண்டின்மீது அரசு தன் முத்திரையைப் பொறிக்கும்போது, இதன் மதிப்புக்கு நான் பொறுப்பு என்று வாக்களிக்கின்றது. அந்த வாக்குக்கு அடையாளமாக எந்த உருவத்தைத் தேர்ந்துகொள்வது? பழந்தமிழ் அரசர் தம் குலச் சின்னங்களோடு, தம் மண்ணின் விலங்கையும் மலையையும் ஆற்றையும் தேர்ந்துகொண்டனர்.

மாணவ நண்பர்களே, சங்க காலப் பாண்டியர் வெளியிட்ட சதுரச் செப்புக் காசுகளில் ஒருபுறம் யானையும் மறுபுறம் மீனும் காணப்படும். சேரர் வில்லையும் அம்பையும் பொறித்தனர். சோழர் புலியைப் பொறித்தனர். 1984ஆம் ஆண்டில், மதுரை வணிகர் ஒருவரிடம் வாங்கிய செப்புக் காசுகளுள் ஒன்றை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி தூய்மை செய்து பார்த்தார். குதிரை உருவத்தோடு, பெருவழுதி என்னும் பெயரும் பழந்தமிழ் எழுத்தில் தெரிந்தது. பாண்டியர் சங்க காலத்திலேயே தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அச்சிறு துண்டு சான்றாயிற்று.

இனி, நம் சித்தேரி மலைப்பக்கத்துக்கு வருவோம். அரூருக்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் இம்மலை, அதியமான் மரபினர் ஆண்ட தகடூர் நாட்டைச் சார்ந்தது. தகடூர்தான் இன்றைய தருமபுரி. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரிலிருந்து ஆண்ட மலையமான்கள், தம் காசின் ஒருபுறம் குதிரையையும், மறுபுறம் மலையையும் ஆற்றையும் பொறித்தனர். செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் கிடைத்த, சேந்தன் என்னும் பெயருடைய ஈயக் காசுகளிலும் மலையும் ஆறும் உண்டு. இவர்கள் பேரரசர் அல்லர். சிறு நிலப்பகுதிகளை ஆண்டவர்கள். எனினும், எங்கள் செல்வம் இந்த மலையும் இந்த ஆறுமே என்று காசின் வாயிலாக உலகுக்கு அறிவித்தனர். இதைவிடச் சுருக்கமான நில வரலாறு ஏது?

குடியரசான பின்னர், 1950 ஆகஸ்டு 15ஆம் நாள் நம் முதற் காசுகள் வெளிவந்தன. அசோகத் தூணின் சிங்கங்கள் முன்புறம் நின்றன. பின்புறத்தில், ஒரு பைசாவில் குதிரையும், அரையணா, ஓரணா, இரண்டணாக் காசுகளில் எருதும் இடம்பெற்றன. உழவனும் வண்டியோட்டியும் தம் வாழ்வில் நாள்தோறும் கண்ட விலங்குகள் அவை. பின்னர் 1988இல் தொடங்கி, இருபத்தைந்து பைசாவில் அசாம் நாட்டுக் காண்டாமிருகம் வந்தது. காண்டாமிருகத்தை நேரில் காணாத சித்தேரிச் சிறுவனும் மிட்டாய் வாங்கச் சென்றபோது அதனை அறிந்துகொண்டான். 2011 ஜூன் இறுதியோடு அக்காசு செல்லாததாயிற்று. அது புகட்டிய பாடம் மட்டும் செல்லாததாகவில்லை.

அயர்லாந்து விடுதலை பெற்றபின் தனக்கெனக் காசு வகுக்க ஒரு குழுவை அமைத்தது. கவிஞர் யேட்சு அதன் தலைவர். 1928இல் வந்த அக்காசுகளில் குதிரை, எருது, நாய், முயல், சால்மன் மீன், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி என உழவர் வீட்டு உயிர்களும் காட்டுயிர்களும் இடம்பெற்றன. சமயச் சின்னம் இல்லையே என்று சிலர் குறைகூறினர். ஆனாலும் அந்நாட்டின் வாழ்வை உலகம் அக்காசுகளில் கண்டது.

நம் நாட்டில் நினைவு நாணயங்கள் 1964இல் நேருவின் உருவத்தோடு தொடங்கின. 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் காசில் ஏறினார். 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நினைவாக, ஐந்து ரூபாய்க் காசும் ஆயிரம் ரூபாய் நாணயமும் வெளிவந்தன. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஐந்து ரூபாய் சந்தைக்குப் போகும். ஆயிரம் ரூபாய் நாணயமோ அழகிய பெட்டியில் உறங்கும். பெட்டியில் உறங்கும் காசு சேகரிப்போருக்கு மகிழ்ச்சி தரும். கைமாறும் காசோ எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஆசிரியனாகும். ஆகவே, ஒரு வட்டாரத்தின் விலங்கும் மரபும் காசில் ஏற வேண்டுமானால், அவை சிறு காசில் ஏறுவதே சிறப்பு.

தருமபுரிப் பகுதிக்கு ஒரு காசு வகுக்கச் சொன்னால் நீங்கள் எதனை வரைவீர்கள்? அண்டைச் செங்கம் பகுதியின் எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கின்றது. கள்வரை எதிர்த்த வீரனோடு, கோவிவன் என்னும் அவனுடைய நாயையும் அக்கல் போற்றுகின்றது. நாய்க்கும் பெயரிட்டுக் கல் நட்ட நன்றியுணர்வு நம் மரபு. எனக்குக் கேட்டால், ஒருபுறம் மலையும் ஆறும், மறுபுறம் கோவிவனும் போதும் என்பேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உழும்போதோ மழைக்குப் பின்னோ பழங்காசு கிடைத்தால், தேய்க்கவும் வேண்டா, உருக்கவும் வேண்டா. உருக்கினால் கிடைப்பது ஒரு சிட்டிகைச் செம்பு. மறைந்துபோவது ஓர் அரசனின் பெயராக இருக்கலாம். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வழியாக அரசு அலுவலரிடம் தெரிவியுங்கள். புதையலை அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் சட்டமும் கூறுகின்றது. மலையும் ஆறும் பொறித்துத் தந்த முன்னோரின் வாக்கை, நாணயமாகக் காப்பது நம் கடமையன்றோ?