இஸ்தோப்பிலே ஒரு கீரைத் தோட்டம்

(பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் கிளினிக் நடந்த அன்று மருத்துவமாது அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஐயா, பிள்ளைத்தாச்சிகளுக்கு இரத்தம் குறைவாக இருக்கு. குளிசை மட்டும் குடுத்துக் காணாது. வீட்டில கீரை சமைக்கிறாங்களா என்று கேளுங்க" என்றார். லயம் லயமாகப் போய்க் கேட்டேன். "சம்பளம் போட்ட கிழமை வாங்குவோம் ஐயா. பிறகு ரொட்டியும் சம்பலும்தான்" என்றார்கள். நீங்களே போடலாமே என்றேன். அதற்கு ஒரு தாய் சொன்னார்: "எங்க போடுறது ஐயா? முன்னால கான், பின்னால மண்மேடு."

அவர் சொன்னதில் பொய்யில்லை. தோட்டத்துண்டு உள்ளவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அவர்கள் எனக்கே சொல்லித் தருவார்கள். காம்பராவும் இஸ்தோப்பும் தவிர வேறொன்றும் இல்லாதவர்களுக்குத்தான் இன்றைய பேச்சு. 2022ஆம் ஆண்டு சாமான் விலை ஏறியதை யாரும் மறக்கவில்லை. அந்த வருசம் செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை, அதற்கு முந்திய வருசத்தை விட 90 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அப்போது இஸ்தோப்பில் நாலு வாளி வைத்திருந்த வீடுகளில் கறிக்குப் பச்சையாக ஏதாவது இருந்தது.

மண்ணைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் தவறு விடுகிறோம். தேயிலை மலை மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் கீரை மஞ்சளடித்து நின்றுவிடும். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி. மண் பரிசோதனையில் பிஎச் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தேயிலைக்கு அது 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. போஞ்சிக்கும் பீட்ரூட்டுக்கும் 6க்கு மேல் வேண்டும். இதற்கு மருந்து கடையில் இல்லை, உங்கள் அடுப்பில் இருக்கிறது. விறகுச் சாம்பல் புளிப்பைக் குறைக்கும். ஒரு பெயின்ட் வாளி மண்ணுக்கு இரண்டு கைப்பிடி சாம்பல் போதும். பிளாஸ்டிக், பெயின்ட் பூசிய பலகை எரித்த சாம்பல் வேண்டாம். மண்ணில் பாதி அளவுக்கு நன்றாக மக்கிய சாணம் அல்லது கூட்டெரு கலக்க வேண்டும். கூட்டெருவுக்கு வடித்த தேயிலைச் சக்கை, மரக்கறித் தோல், கிளிரிசிடியா இலை எல்லாம் ஆகும். மலைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி கொண்டு வந்து போடலாம் என்று சிலர் நினைப்பீர்கள். வாளிக்குள் அது வேரைக் கருக்கிவிடும். துரையிடம் பேச்சு வாங்குவது வேறு.

இன்னொன்று. மண் வேண்டுமென்று லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மேட்டு மண்ணில் கை வைக்கவே வேண்டாம். கான் துப்புரவாக்கும்போது ஒதுக்கிப் போடும் மண் போதும்.

சாடி காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெயின்ட் வாளி, உடைந்த பேசின், கழுவிய உரப்பை எதுவும் ஆகும். கீரைக்கு ஆறு அங்குல ஆழம் போதும், தக்காளிக்கு ஓர் அடி வேண்டும். ஆனால் களைகொல்லி, பூச்சிமருந்து வந்த கேன் மட்டும் கூடவே கூடாது. பத்துத் தடவை கழுவினாலும் கூடாது. ஒரு வீட்டில் அப்படி ஒரு கேனைப் பாதியாக வெட்டிக் கொத்தமல்லி போட்டிருந்தார்கள். நல்ல பசுமையாகத்தான் இருந்தது. அதைப் பிடுங்கி எறியச் சொன்னபோது அந்த அக்கா என்னோடு இரண்டு கிழமை பேசவில்லை.

அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். இது என் சொந்தக் கதை. முதன்முதலில் வேலைக்கு வந்த வருசம் என் குவாட்டர்ஸ் வாசலில் ஆறு வாளியில் தக்காளி வைத்தேன். ஆனி மாதத்து மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் செடி எல்லாம் தலை தொங்கிவிட்டது. தண்ணீர் காணாது என்று நினைத்து, மழைக்குள்ளேயே இன்னும் தண்ணீர் ஊற்றினேன் என்றால் பாருங்கள்! மேல் லயத்துப் பாட்டி ஒருவர் வந்து வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு மூச்சு விட வழியே இல்லையே" என்றார். வேர் அழுகி நாறிப் போயிருந்தது. இப்போது வாளிக்கு ஆறு ஓட்டை போட்டு, ஓட்டின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு வைத்துத்தான் மண் நிரப்புகிறேன்.

எதைப் போடலாம்? நுவரெலியாப் பக்கம் போலக் குளிரான தோட்டங்களில் ராபு, சலாது, பீட்ரூட், வெங்காயத்தாள், கொத்தமல்லி நன்றாக வரும். முளைக்கீரை அங்கே குளிரில் சுணங்கும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் முளைக்கீரை ஒரு மாதத்தில் கறிக்கு வந்துவிடும். வல்லாரை இரண்டு பக்கமும் வரும், நிழலுக்கும் அவ்வளவு பயமில்லை. வெயில் குறைந்த இஸ்தோப்பில் கீரை மட்டும் போடுங்கள். அரை நாள் வெயில் விழுந்தால் குத்துப் போஞ்சி, மிளகாய், தக்காளி வைக்கலாம். தக்காளிக்கு இஸ்தோப்பு திறந்த தோட்டத்தை விட நல்லது என்றுகூடச் சொல்வேன். கூரைக்குக் கீழே இலை நனையாமல் இருப்பதால் கருகல் நோய் குறைவு. பீட்ரூட், ராபு இவற்றின் இலையை யாரும் வீசாதீர்கள். கிழங்கைவிட இலையில்தான் சத்து அதிகம். கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் பிள்ளைகள் சாப்பிடும்.

மருத்துவமாது அம்மா சொல்லச் சொன்னது ஒன்று. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, தேசிக்காய்ப் புளி விட்டுச் சாப்பிடுங்கள். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்தை அது சேர விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலைத் தோட்டத்தில் நின்று இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

தண்ணீர் பீலியில் வரிசை நின்று பிடிப்பது. அதைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் போதும். சவுக்காரத் தண்ணீர் வேண்டாம். வேலை விட்டு வந்ததும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வாளிக்கு அடியில் தட்டு வைத்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு நுளம்பு அதில்தான் முட்டை போடும். ஒழுகும் தண்ணீர் பக்கத்துக் காம்பராப் பக்கம் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு என்னால் வர முடியாது.

பூவை மறந்துவிட்டேன் என்று பின்னால் ஓர் அம்மா சிரிக்கிறார். மறக்கவில்லை அம்மா. நாலு வாளியில் ஒன்று பூவுக்கு இருக்கட்டும். செவ்வந்தி ஒரு கிளையை முறித்து ஊன்றினாலே பிடிக்கும், வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு ஆகும். சிவப்பு ஜெரேனியம் வைத்த இஸ்தோப்பு எவ்வளவு பழைய லயத்திலும் தனி அழகுதான். கோழிக்கும் அது பிடிக்காது, கீரை வாளிதான் பிடிக்கும். அதற்கு மேலே பழைய வலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே இடத்தில் ராபு, கொத்தமல்லி, முளைக்கீரை விதை பிரித்துக் கொடுக்கிறேன். ஆளுக்கு ஒரு வாளி கொண்டு வாருங்கள். ஆணியும் சுத்தியலும் என்னிடம் இருக்கிறது, ஓட்டையை இங்கேயே போட்டுக்கொள்ளலாம்.