பெட்டிக்குள்ள ஓர் எல்லைக்கோடு: வெளிநாட்டு டிவிடியும் எங்கட றெக்கோடரும்

(மெல்பேர்ணில் நடந்த எமது மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன கூட்டத்தில ஒரு கேள்வி வந்தது. ரொறன்ரோத் தோழர்கள் அனுப்பின டிவிடிப் பெட்டியை என்ன செய்யிறது? அறுபதுக்குக் கிட்ட டிஸ்க். கியூபாப் படங்கள், ஆபிரிக்கப் படங்கள், பொன்ரெகோர்வோவின் ‘அல்ஜியர்ஸ் யுத்தம்’ எல்லாம் அதுக்குள்ள இருக்கு. எங்கட அலுமாரியில இருக்கிற றெக்கோடரில போட்டால், இந்தப் பிராந்தியத்தில பார்க்க ஏலாது எண்டு ஒரு வரி வந்து நிக்குது. பிறகென்ன, டிஸ்க்கையும் றெக்கோடரையும் சேர்த்து எறிஞ்சுவிடுவம் எண்டு சிலர் சொல்லிச்சினம். இரண்டையும் எறியக் கூடாது எண்டு சொல்லத்தான் இண்டைக்கு இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினனான்.

முதலில் அந்தப் பூட்டு என்ன எண்டு பார்ப்பம். டிவிடி 1996 இல் ஜப்பானிலும் 1997 இல் அமெரிக்காவிலும் சந்தைக்கு வந்தது. படங்களைத் தர வேணுமெண்டால் உலகத்தைத் துண்டுபோட்டுத் தாருங்கோ எண்டு ஹொலிவூட் ஸ்ரூடியோக்கள் கேட்டன. அதன்படி உலகம் ஆறு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. (7 ஒதுக்கி வைக்கப்பட்டது. 8 விமானம், உல்லாசக் கப்பல் போன்றவற்றுக்கு.) டிஸ்க்கின் பின்பக்கத்தில ஒரு சின்னப் பூமிப்பந்துக்குள்ள இலக்கம் இருக்கும், பார்த்திருப்பியள்.

இந்த வரைபடத்தில எங்கட சனத்தை வைச்சுப் பாருங்கோ. கனடாவில இருக்கிற அண்ணை 1. லண்டனில, பாரிஸில இருக்கிறவை 2. வளைகுடாவில வேலை செய்யிற தம்பியும் 2 தான். சிங்கப்பூர், மலேசியா 3. இங்க நாங்கள் 4. பிஜியும் லத்தீன் அமெரிக்காவும் எங்களோட. யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை எல்லாம் 5. ஒரே குடும்பம், ஐந்து பிராந்தியம். கடையில காசு குடுத்து, பற்றுச்சீட்டோட வாங்கின படத்தை அண்ணன் தம்பிக்கு அனுப்பினால், தம்பியின்ர பெட்டி அதைத் திருப்பித் துப்பும்.

அந்த வரைபடத்தின்ர அரசியலையும் கவனியுங்கோ. ஆபிரிக்காவின் பெரும்பகுதி 5. ஆனால் தென்னாபிரிக்கா ஐரோப்பாவோடயும் ஜப்பானோடயும் சேர்ந்து 2. சீனா தனியாக 6. உலகத்தின்ர டிவிடிப் பெட்டிகளில பெரும்பகுதி செய்யப்பட்டது சீனத் தொழிற்சாலைகளில. 1, 2, 4 எண்டு மற்றவைக்கு இலக்கம் வைச்சுப் பூட்டி அனுப்பின தொழிலாளி, அந்தப் பெட்டியைத் தன்ர ஊரில வைச்சால் தன்ர ஊர் டிஸ்க்கைப் போட ஏலாது. பெட்டி எல்லை தாண்டலாம், லாபம் எல்லை தாண்டலாம், வாங்கினவன் மட்டும் தாண்டக் கூடாது.

இது தொழில்நுட்பக் குறைபாடில்லை. டிஸ்க்கில எட்டு ‘ஆம் / இல்லை’ குறிகள் இருக்கு, பிராந்தியத்துக்கு ஒண்டு. பெட்டி தன்ர இலக்கத்துக்கு நேரே என்ன இருக்கெண்டு பார்க்குது. ‘இல்லை’ எண்டால் நிக்குது. அவ்வளவுதான். படம் அங்கதான் இருக்கு, பெட்டியால அதை வாசிக்கவும் ஏலும். ஒரு நாட்டில தியேட்டரில ஓடி முடியமுதல் இன்னொரு நாட்டு டிஸ்க் அங்க போய்ச் சேரக் கூடாது, ஒவ்வொரு சந்தையிலயும் வேற விலை வைக்க வேணும் எண்ட வியாபாரக் கணக்கு இது. திருட்டுப் பிரதியைத் தடுக்கத்தான் எண்டு ஆராவது சொன்னால் நம்பாதேங்கோ. தெருவில விக்கிற திருட்டு டிஸ்க்கில பிராந்திய இலக்கமே இருக்காது. பூட்டு விழுகிறது நேர்மையாக வாங்கினவனுக்குத்தான்.

இனிச் சட்டம். இதைத் திறக்கிறது குற்றமோ எண்டு சில தோழர்கள் பயப்படுகினம். இந்த நாட்டில அதுக்கு ஒரு போராட்டக் கதை இருக்கு. சிட்னியில எடி ஸ்ரீவன்ஸ் எண்டவர் பிளேஸ்ரேஷன் பெட்டிகளுக்கு ‘மொட் சிப்’ பூட்டிக் குடுத்தவர். வெளிநாட்டு டிஸ்க்கும் அதில ஓடும். சொனி வழக்குப் போட்டது. 2002 இல் ஸ்ரீவன்ஸ் பக்கம் தீர்ப்பு. 2003 இல் சமஷ்டி நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாத்தினது. 2005 ஒக்ரோபரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் திரும்பவும் ஸ்ரீவன்ஸ் பக்கமே நிண்டது. அதுக்கிடையில அமெரிக்காவோட செய்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் பூட்டுச் சட்டங்களை இறுக்கச் சொன்னது. 2006 இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்தத் திருத்தத்திலயே, வெளிநாட்டில வாங்கின அசல் படம் இங்க ஓடாமல் சந்தையைப் பிரிக்கிறதுக்காக இருக்கிற பூட்டு, சட்டம் பாதுகாக்கிற பூட்டுக்குள்ள அடங்காது எண்டு எழுதப்பட்டது.

அதாவது, ரொறன்ரோவில வாங்கின அசல் டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க எங்கட பெட்டியின்ர பிராந்தியப் பூட்டைத் திறக்கிறதுக்கு இங்க தடையில்லை. பிரதி எடுக்கிறது வேற விசயம். மண்டபத்தில சனத்தைக் கூட்டித் திரையிடுறதுக்கு உரிமை எடுக்கிறதும் வேற விசயம். அதைக் குழப்ப வேண்டாம். வேற நாடுகளில இருந்து இதை வாசிக்கிற தோழர்கள் தங்கட சட்டத்தைப் பார்க்க வேணும். அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடக் கடுமையானது.

சரி, எப்படித் திறக்கிறது? சாதாரண மலிவான பிளேயர் எண்டால் பெரும்பாலும் லேசு. தட்டைத் திறந்து வைச்சு, றிமோட்டில அந்த மொடலுக்குரிய இலக்கங்களை அழுத்த வேணும். றெக்கோடர் அப்பிடியில்லை, கொஞ்சம் பிடிவாதம். பலதில பூட்டு, கணினியில இருக்கிற மாதிரி, டிரைவுக்குள்ளயே இருக்கும். ஆகவே பின்பக்கத்தில இருக்கிற மொடல் இலக்கத்தை முழுசா, கடைசி எழுத்து வரைக்கும் எழுதிக்கொண்டு தேடுங்கோ. சிலதுக்கு வேற றிமோட் வேணும், சிலதுக்கு சேர்விஸ் டிஸ்க் வேணும். வேற மொடலின்ர மென்பொருளை ஏத்தினால் பெட்டி செத்துப்போகலாம்.

‘எல்லாப் பிராந்தியமும்’ எண்டு வைச்ச பிறகும் சில பிராந்தியம் 1 டிஸ்க்குகள் மறுக்கும். திறந்த பெட்டியைக் கண்டுபிடிக்கிற ஒரு பரிசோதனை அதில இருக்கு. அப்ப 0 ஐ விட்டிட்டு நேரே 1 எண்டு வைச்சால் ஓடும். ஒண்டுக்கும் மசியாத றெக்கோடர் எண்டால் அதோட மல்லுக்கட்ட வேண்டாம். பழைய சாமான் கடையில ஒரு பிளேயரை வாங்கி நேரே ரீவியில கொழுவுங்கோ. கணினி எண்டால், பாரிஸில மாணவர்கள் தொடங்கின விஎல்சி எண்ட இலவச மென்பொருள் பல டிரைவுகளில பிராந்தியத்தைப் பாராமலே படத்தைக் காட்டும். ஆனால் டிரைவின்ர இலக்கத்தைச் சும்மா மாத்தி விளையாடாதேங்கோ. ஐந்து தரம்தான் மாத்தலாம், பிறகு இறுகிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுறன். பிராந்தியம் வேற, பால் / என்ரிஎஸ்சி வேற. பால் 625 கோடு, செக்கனுக்கு 25 படம். என்ரிஎஸ்சி 525 கோடு, கிட்டத்தட்ட 30 படம். ஜப்பானும் பிரிட்டனும் ஒரே பிராந்தியம், ஆனால் முறை வேற. எங்கட தமிழ்ப் பட டிவிடிகள் பலதும் எல்லாப் பிராந்தியத்துக்கும் எண்டு, என்ரிஎஸ்சியில வந்தவை. படம் உருண்டுகொண்டு ஓடினால், நிறமில்லாமல் வந்தால், அது பிராந்தியப் பூட்டில்லை. ரீவியையும் றெக்கோடரின்ர வெளியீட்டு அமைப்பையும் பாருங்கோ.

றெக்கோடரை ஏன் எறியக் கூடாது? நாங்கள் வீட்டில பதியிற டிஸ்க்கில பிராந்திய இலக்கம் இல்லை, எந்த நாட்டுக்கும் போகலாம். ஆனால் ‘ஃபைனலைஸ்’ செய்யாத டிஸ்க்கை மற்றப் பெட்டிகள் பெரும்பாலும் வாசிக்காது, சிலவேளை பதிஞ்ச பெட்டி ஒண்டுதான் வாசிக்கும். எங்கட நினைவுக்கூட்டங்கள், இப்ப எங்களோட இல்லாத மூத்த தோழர்களின்ர பேச்சுகள் எல்லாம் அலுமாரியில அப்பிடித்தான் கிடக்கு. இந்தப் பெட்டி பழுதானால் அந்தக் குரல்களும் அதோட போகும்.

இப்ப எல்லாம் ஸ்ரீமிங்தானே, இதுகள் எதுக்கு எண்டு இளம் தோழர்கள் கேக்கினம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கயும் அதே எல்லைக்கோடு இருக்கு, இன்னும் இறுக்கமாக. கனடாவில தெரியிற படம் இங்க தெரியாது. இங்க தெரியிற படம் அடுத்த மாதம் இருக்குமெண்டு உத்தரவாதமில்லை. டிஸ்க்கின்ர பூட்டை எங்கட கையால திறக்கலாம், திறந்த படம் எங்களிட்டயே இருக்கும், கைமாத்தலாம். ஸ்ரீமிங்கில எங்களுக்கெண்டு ஒண்டுமே இல்லை, மாத வாடகைதான்.

ஆகவே என்ர முன்மொழிவு மூண்டு. ஒண்டு, அடுத்த ஒன்றுகூடலுக்கு முதல் இரண்டு பேர் இருந்து எங்கட பதிவுகளை இந்த றெக்கோடரிலயே ‘ஃபைனலைஸ்’ செய்து, இரண்டு பிரதி எடுத்து, ஒண்டை ரொறன்ரோவுக்கு அனுப்ப வேணும். இரண்டு, பெட்டியைத் திறக்கப் பார்ப்பம். சரிவராவிட்டால் ஒரு பழைய பிளேயர் வாங்குவம். மூண்டு, அறுபது டிஸ்க்குக்கும் பட்டியல் போட்டு, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற மாதிரி இரவல் குடுப்பம்.

முதல் வேலைக்கு நான் வாறன். இன்னொருவர் வேணும். ஆர் வாறியள்? கேள்விகளையும் கேளுங்கோ.