ஈரியல்பு என்னும் சொல்லும் துத்தநாக ஆக்சைடும்



மொழியியல் பயின்ற நாம் வேதியியல் பேசுவதேன் என நீங்கள் வினவலாம். வகுப்பறைகளில் நாம் கண்ட ஒரு குழப்பமே அதற்குக் காரணம். துத்தநாக ஆக்சைடை ‘நடுநிலை ஆக்சைடு’ என எழுதிவிடும் மாணவர் உளர். முழுக்க அமிலமும் அன்று, முழுக்கக் காரமும் அன்று. ஆகவே நடுநிலை என்பது அவர்தம் கணிப்பு. வேதியியலோ அதனை ‘ஈரியல்பு ஆக்சைடு’ என்கிறது.

துத்தநாக ஆக்சைடு நீரில் கரையாத வெண்பொடி. சூடேற்றினால் மஞ்சளாகும், ஆறியதும் மீண்டும் வெண்மை பெறும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் அது கரைந்து துத்தநாகக் குளோரைடும் நீரும் உண்டாகும். இங்கு அது காரத்தின் பணியைச் செய்கிறது. அடர் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் இட்டாலும் கரையும். சோடியம் சிங்கேட்டு உண்டாகும். இங்கு அமிலத்தின் பணியைச் செய்கிறது. நடுநிலை ஆக்சைடாகிய கார்பன் மோனாக்சைடு, வகுப்பறைச் சூழலில் இவ்விரண்டோடும் வினைபுரிவதில்லை. இரண்டோடும் சேர்வது ஒன்று. எதனோடும் சேராதது மற்றொன்று.

‘இரண்டு’ என்னும் எண்ணுப்பெயர் உயிரெழுத்தின் முன் ‘ஈர்’ எனத் திரியும். ஈர், இயல்பு எனும் இரண்டும் சேர்ந்ததே ஈரியல்பு. ஆங்கிலத்தார் வழங்கும் ‘ஆம்ஃபோட்டெரிக்’ என்பதும் ‘இரண்டும்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. தமிழ் மாணவருக்குத் தமிழ்ச் சொல்லின் உறுப்புகள் கேட்டவுடன் விளங்கும். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘ஈரியல்பு’ என்று மட்டும் கேட்டவர், பொடியில் பாதி அமிலம், பாதி காரம் என எண்ணக்கூடும். எதிரே நிற்பது அமிலமா காரமா என்பதைப் பொறுத்தே அதன் இயல்பு வெளிப்படுகிறது.

நம் நாட்டு ரப்பரிலும் இதனைக் காணலாம். கந்தகம் சேர்த்து ரப்பரை உறுதிப்படுத்துகையில் துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. ஆக்சைடு அங்கே காரமாக நின்று அவ்வமிலத்தோடு வினைபுரிந்து துத்தநாக ஸ்டியரேட்டைத் தருகிறது. கந்தகத்தின் வேலை விரைவுபெறுகிறது. பால்மரம் சீவிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இதனைத் தம் மொழியிலேயே அறிதல் வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: முதலில் இரு சோதனைக் குழாய்களையும் காட்டுங்கள், பின்னர்ச் சொல்லைத் தாருங்கள். கண்ணாற் கண்டதற்குப் பெயராக வரும் கலைச்சொல்லை மாணவர் மறப்பதில்லை.