காட்டோர வீட்டுக்குக் காவல்

(மலையடிவார உழவர்களுக்கான பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)

களை என்றால் பயிருக்குப் போட்டி என்றுதான் நாம் நினைக்கிறோம். காய்ந்த களை நெருப்புக்கு இரை என்பதை நினைப்பதில்லை. காட்டை ஒட்டி வீடும் களமும் வைத்திருப்போர் இதை அவசியம் நினைக்க வேண்டும். இதற்குச் சான்றாக, வெளிநாட்டில் நடந்த ஒரு தீ விபத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஓக்லாந்தில் நடந்தது

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து, பெர்க்லி என்ற இரு நகரங்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றுக்குக் கிழக்கே குன்றுத்தொடர். அதன் மேல் மக்கள் உலாவிப் பொழுதுபோக்கும் வட்டாரப் பூங்காக்கள். பூச்செடி வைத்த தோட்டம் என்று எண்ண வேண்டாம். புல்லும் புதரும் மரமுமாகப் பல்லாயிரம் ஏக்கர் திறந்தவெளி அது. அதை ஒட்டிய சரிவுகளில் வீடுகள் நெருக்கமாக உள்ளன.

அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை முழுவதும் காய்ந்து, அக்டோபரில் எல்லாம் சருகாக நிற்கும். அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து வெப்பமான வறண்ட காற்று வீசும். 1991-இல் வறட்சி ஐந்தாவது ஆண்டாக நீடித்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று சரிவில் ஒரு சிறு புல்தீ பிடித்தது. தீயணைப்புப் படையினர் அதைக் கட்டுப்படுத்தினர். ஆனால் சருகுப் படுகைக்குக் கீழே கங்கு இருந்தது. மறுநாள் முற்பகலில் காற்று வலுத்ததும் தீ மீண்டும் கிளம்பியது. முதல் ஒரு மணி நேரத்திலேயே நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. எரிந்த நிலம் சுமார் 1,520 ஏக்கர். அழிந்த குடியிருப்புகளோ 3,000-க்கும் மேல். 25 பேர் உயிரிழந்தனர்.

எப்படிப் பரவியது?

தீ சுவர்போல் வந்து வீட்டைத் தொட்டது என்று நினைக்கலாம். பல வீடுகளுக்குத் தீ வைத்தது காற்றில் பறந்து வந்த தீப்பொறி. கூரைகள் பல மரச்சில்லு வேய்ந்தவை. கூரை மேலும் சுவர் ஓரத்திலும் சருகு கிடந்தது. பொறி விழுந்ததும் பற்றிக்கொண்டது.

இதில் நாம் அறிந்த தைல மரத்துக்கும் பங்கு உண்டு. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெட்டுமரத்துக்காக அங்கே ஏராளமாக நட்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள அதன் இலையும் உரிந்து தொங்கும் பட்டையும் எளிதில் எரியும். எரியும் பட்டை காற்றில் வெகுதூரம் பறக்கும்.

தண்ணீரும் கைகொடுக்கவில்லை. மின்கம்பி எரிந்து பம்புகள் நின்றன. மேல்நிலைத் தொட்டிகள் வற்றின.

அங்கே இன்று என்ன செய்கிறார்கள்?

கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காய்ந்த புல், புதரைக் குறைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பூங்காக்களில் புல்லைக் குறைக்க மாடுகளையும், புதரைக் குறைக்க ஆடுகளையும் மேய விடுகிறார்கள். பட்டி அடைத்து மேய்க்கும் நமக்கு இது புதிதல்ல.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் சருகு, விறகு, சாக்கு எதுவும் இருக்கக் கூடாது. கூரை மேல் விழும் சருகை வாரந்தோறும் கூட்டித் தள்ளுங்கள்.

2. வைக்கோற்போரை வீட்டையும் தொழுவத்தையும் விட்டுத் தள்ளிப் போடுங்கள். கோடைக் காற்று வரும் திசையில் போட வேண்டாம். போரைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக வையுங்கள்.

3. காட்டை ஒட்டிய உங்கள் வயல் எல்லையில், தை மாதம் முடியும் முன்பே உழுது ஒரு வெறும் பட்டை விடுங்கள். புல் வளர்ந்த வரப்பில் ஆடு மேய விடலாம். உண்ணிச்செடியை மட்டும் கையால் வேரோடு எடுங்கள். அது கால்நடைக்கு நஞ்சு. இவையெல்லாம் உங்கள் எல்லைக்குள் செய்யும் வேலை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் செய்யக் கூடாது.

4. மின்மோட்டாரை மட்டும் நம்பாதீர்கள். கோடையில் ஒரு தொட்டியாவது நிறைந்திருக்கட்டும்.

5. தாளையும் சருகையும் கொளுத்துவதைவிட மக்க வைப்பது நிலத்துக்கும் நல்லது. எங்கேனும் தீப்பிடித்து அணைத்தால், தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு மேலே, தொடாமல், நீட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் தீ இன்னும் அணையவில்லை. மறுநாளும் போய்ப் பாருங்கள். ஓக்லாந்தில் ஊரை எரித்தது முதல் நாள் தீயின் மிச்சம்தான்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு மூன்று நாள் வேலைதான். ஆனால் ஒரு வீட்டார் செய்து அடுத்த வீட்டார் விட்டுவிட்டால் பயன் குறையும். ஒரு வீடு பற்றினால் அதன் பொறியே அடுத்த கூரைக்குப் போகும். ஆகவே ஊர்கூடி ஒரு நாள் குறித்து, எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.